கடைசி பெஞ்சில் ஒரு பீரியட்

என் பாடத்தில் இதுவரை ஒரு பிள்ளைகூட ஃபெயிலானதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. என் பாடத்துக்குப் பரீட்சையே கிடையாது.

நான் ஓவிய வாத்தியார். பத்தாம் வகுப்பு அட்டவணையில் வாரத்துக்கு ரெண்டு பீரியட் என் பேரில் இருக்கும். ஜூலை பிறந்தால் ஒன்று அறிவியலுக்குப் போகும், இன்னொன்று கணக்குக்குப் போகும். "சார், இன்னைக்கு மட்டும்" என்று கேட்பார்கள். இருபது வருஷமாக எனக்கு இன்னைக்கு மட்டும்தான்.

அதனால் எனக்கு நேரம் நிறைய. ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து மற்றவர்கள் படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இதுவும் அப்படிப் பார்த்ததுதான். இதில் ஒரு குரு உண்டு, ஒரு சீடர் உண்டு. காவியையும் தாடியையும் தேடாதீர்கள். சீடருக்கு வயசு ஐம்பத்திரண்டு, குருவுக்கு முப்பத்துமூன்று.

சீடர் பால்துரை சார். பத்தாம் வகுப்பு 'ஏ' பிரிவுக்கு வகுப்பாசிரியர், அறிவியல் எடுக்கிறவர், எனக்குக் கூட்டாளி. குரு மைமூன் டீச்சர். 'பி' பிரிவுக்குக் கணக்கு. வேலூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் உப்பளத்து ஊருக்கு மாற்றலாகி வந்து ரெண்டு வருஷம் ஆகிறது. அவரை குரு என்று முதலில் சொன்னது நான்தான், கேலிக்கு. பிறகு அது ஒட்டிக்கொண்டது.

எல்லாம் போன ஜூனில் ஆரம்பித்தது.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் மாவட்டத்து வாத்தியார்களை ஒரு கல்யாண மண்டபத்துக்கு வரச் சொன்னார்கள். நூற்றுக்கு நூறு காட்டிய பள்ளிகளுக்கு முன் வரிசை. தேர்ச்சி விழுக்காடு இறங்க இறங்க நாற்காலியும் பின்னால் போனது. எங்கள் பள்ளிக்குக் கடைசி வரிசை, பந்திக்குப் போகிற கதவோரம். மேடைத் திரையில் எல்லாருடைய விழுக்காட்டையும் போட்டுவிட்டு, அங்கே இருந்த அதிகாரி குறைந்த விழுக்காட்டுக்காரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எழுந்து நிற்கச் சொன்னார். பால்துரை சார் நின்றார். மைமூன் டீச்சர் நின்றார். அதிகாரி உட்காரச் சொல்ல மறந்துவிட்டார். முக்கால் மணி நேரம் நின்றார்கள்.

அந்த முக்கால் மணி நேரத்தில் செத்துப் பிழைத்ததாக பால்துரை சார் என்னிடம் சொன்னார். கை வெடவெடவென்று ஆடியதாம். முன்னால் இருந்த நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாராம்.

பக்கத்தில் மைமூன் டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? கைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். நின்றபடியே என்னவோ எழுதினார். மடித்து உள்ளே வைத்தார். பிறகு அந்தக் கல்யாண மண்டபத்துக்குக் கல்யாணத்துக்கே வந்தவர்போல நிம்மதியாக நின்றார்.

"என்ன எழுதியிருப்பாங்க வே?" என்று பால்துரை சார் என்னைக் கேட்டார்.

ஏதாவது துவாவாக, வேண்டுதலாக இருக்கும் என்றேன். ராஜினாமாக் கடிதமாக இருக்கும் என்றார் அவர். போகிற வழியில் வாங்க வேண்டிய மளிகைச் சாமானாகக்கூட இருக்கலாம் என்றேன். நேரே கேட்க அவருக்குக் கூச்சம். கேட்காமலும் இருக்க முடியவில்லை. ஏழு மாதம் அந்தச் சீட்டு அவர் மண்டைக்குள் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது.

மண்டபத்திலிருந்து வந்த மறுநாளே பால்துரை சார் 'ஏ' பிரிவில் ஒரு காரியம் செய்தார். பிள்ளைகளை மார்க் வரிசைப்படி உட்கார வைத்தார். முதல் மார்க்குக்கு முதல் பெஞ்சு. ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் பெஞ்சு மாறும். மார்க் குறைந்தவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போக வேண்டியதுதான்.

"பச்சப் பிள்ளைகள இப்படிப் பண்ணலாமா வே?" என்று கேட்டேன்.

"சூடு பட்டாத்தான் உறைக்கும். எனக்கு உறைச்சதுல்லா?" என்றார்.

அவருக்கு உறைத்தது உண்மை. காலையில் எட்டுக்கு ஸ்பெஷல் கிளாஸ், சாயந்திரம் ஆறு வரை ஸ்பெஷல் கிளாஸ். பிரஷர் மாத்திரை ஒன்று ரெண்டானது. டீ டம்ளரைத் தூக்கினால் பாதி சட்டையில் சிந்தும். நல்ல மனுஷன், பிள்ளைகளைக் கைநீட்டி அடித்ததில்லை. ஆனால் அந்த வருஷம் அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஜனவரியில், அரையாண்டுத் தாள் திருத்தும்போது ஒரு கூத்து நடந்தது.

'கிட்டப்பார்வை என்றால் என்ன? விளக்குக.' நாலு மார்க் கேள்வி. கட்டாயம் வரும் என்று சொல்லி, பால்துரை சார் புத்தகத்திலிருந்து அப்படியே மனப்பாடம் பண்ண வைத்தது. நாற்பத்தொரு பிள்ளைகளில் நாற்பது பேர் வரி பிசகாமல் எழுதியிருந்தார்கள். எல்லாரும் ஒரே இடத்தில் முடித்திருந்தார்கள்: 'படம் 2.8-ல் காட்டியுள்ளபடி.'

தாளில் படம் இல்லை. ஒருத்தரும் ஒரு கோடுகூடக் கிழிக்கவில்லை.

"இல்லாத படத்த நாப்பது பேர் காட்டிட்டாங்க வே. நான் இத்தன வருஷம் வரைஞ்சு என்னத்தக் கண்டேன்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. விடைக்குறிப்பில் உள்ள சொல்லெல்லாம் வந்திருக்கிறது என்று நாற்பது பேருக்கும் நாலு போட்டார்.

மனப்பாடத்தை எழுதாத ஒரே ஒருத்தி முத்தரசி. கடைசி பெஞ்சு. சொந்தமாக என்னவோ எழுதி வைத்திருந்தாள். "கதை விட்டிருக்கா" என்று சொல்லி, பால்துரை சார் சிவப்பில் ஒரு சைபர் போட்டு வட்டமிட்டார். கூட்டிப் பார்த்தால் மொத்தம் ஒன்பது மார்க்.

அந்த வாரமே தலைமையாசிரியர் எபநேசர் சார் அவரைக் கூப்பிட்டுவிட்டார். பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் போகப்போகிறது. அதற்கு முன்னால், தேறவே மாட்டார்கள் என்று தோன்றுகிற பிள்ளைகளின் பேரை வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தரச் சொன்னார். வீட்டில் பேசி டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்லலாம், அடுத்த வருஷம் தனித்தேர்வராக எழுதட்டும் என்றார். எங்கேயும் எழுதி வைத்த விதி இல்லை. ஆனாலும் வருஷா வருஷம் நடக்கும். பட்டியலில் இல்லாத பிள்ளை தவறவும் முடியாது, விழுக்காட்டைக் குறைக்கவும் முடியாது.

'ஏ' பிரிவில் அப்படி ஒரே பேர்தான். முத்தரசி.

அடுத்த வருஷம் எழுதட்டும் என்று சொல்லிவிடலாம். வெளியே போன பிள்ளை எது திரும்பி வந்து எழுதியிருக்கிறது? அவள் அம்மாவுக்கு உப்பளத்தில் வேலை. திங்கட்கிழமை டி.சி. கொடுத்தால் செவ்வாய்க்கிழமை அவளும் அம்மாவோடு உப்பு வாரப் போய்விடுவாள். அது பால்துரை சாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேரை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கொடுக்கவும் மனசில்லை, கிழிக்கவும் தைரியமில்லை.

புதன்கிழமை மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். மைமூன் டீச்சர் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்து, தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பால்துரை சார் தொண்டையைக் கனைத்தார்.

"டீச்சர், ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கக் கூடாது."

"கேளுங்க சார்."

"அன்னைக்கு அந்த மண்டபத்துல உங்களுக்கு மட்டும் ஏன் கை நடுங்கல?"

மைமூன் டீச்சர் டிபன் பாக்ஸை மூடி வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"டிராயிங் சார், 'ஏ' பிரிவுல உங்க பீரியட் எப்போ?"

எனக்கே மறந்துபோயிருந்தது. சுவரில் இருந்த அட்டவணையை எழுந்துபோய்ப் பார்த்தேன். "நாளைக்கு அஞ்சாவது. ஆனா அது இப்போ பால்துரை சார் கையில இருக்கு."

"நாளைக்கு மட்டும் நீங்களே எடுத்துக்குங்க" என்றார். பிறகு பால்துரை சாரிடம், "நீங்க போய்க் கடைசி பெஞ்சுல உக்காருங்க சார். உங்களையும் வரையச் சொல்வாரு. உள்ள போறதுக்கு முன்னாடி கண்ணாடியை எங்கிட்ட குடுத்துடுங்க" என்றார்.

"கண்ணாடி இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாதே."

"சரி சார்."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"நாளைக்கு உக்காந்துட்டு வாங்க சார்."

அன்றைக்குச் சாயந்திரம் டீக்கடையில் பால்துரை சார் புலம்பித் தீர்த்துவிட்டார். வெள்ளிக்கிழமை தலைக்கு மேல் நிற்கிறது, வயசான காலத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து படம் போடவா என்றார். குரு சொன்னால் சீடன் கேட்கத்தான் வேண்டும் என்று சொல்லி அவரை இன்னும் கொஞ்சம் கிளறிவிட்டேன். போகமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தச் சீட்டு அவரை விடவில்லை.

வியாழக்கிழமை ஐந்தாம் பீரியட். ஆறு மாதத்துக்குப் பிறகு நான் 'ஏ' பிரிவுக்குள் நுழைந்தேன். பிள்ளைகள் வேறு யாரோ வந்துவிட்டதுபோலப் பார்த்தார்கள். டிராயிங் நோட்டை எடுங்கள் என்றேன், பாதிப் பேரிடம் இல்லை. அறிவியல் நோட்டின் பின்பக்கத்தில் வரைந்தால் போதும் என்றேன்.

பால்துரை சார் வாசலில் மைமூன் டீச்சரிடம் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பெஞ்சு பெஞ்சாகக் கையால் தடவிக்கொண்டு பின்னால் போனார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கடைசி பெஞ்சில் முத்தரசிக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

என்ன வரைவது என்று நான் முன்னாலேயே யோசித்து வைத்திருந்தேன். இந்த நாற்பது பேரும் காட்டிய படத்தை ஒருநாளாவது பார்க்கட்டும் என்று படம் 2.8-ஐ வரைந்தேன். கண்ணை வெள்ளையில் போட்டேன். தூரத்திலிருந்து வருகிற கதிர்களுக்கு மஞ்சள். அவை விழித்திரைக்குப் போய்ச் சேராமல் முன்னாலேயே கூடிவிடுகிற இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. பல மாதமாகத் தொடாத சாக்பீஸ், கைக்கு இதமாக இருந்தது. எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது, அதை மறைப்பானேன்.

திரும்பிப் பார்த்தால் பால்துரை சார் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பரீட்சையில் காப்பியடிக்கிற பையன்மாதிரி ஓரக்கண்ணால் முத்தரசியின் நோட்டைப் பார்த்தார். அதற்கப்புறம் அங்கே என்ன பேச்சு நடந்தது என்பதைச் சாயந்திரம் அவர்தான் சொன்னார். வார்த்தை மாறாமல் சொல்கிறேன்.

"ஏட்டி, அந்த மஞ்சக் கோடு எங்க போய் முடியுது?" என்று கேட்டிருக்கிறார்.

"எனக்கும் தெரியாது சார். நான் பக்கத்துல ஜெசிந்தாவப் பாத்துத்தான் போடுதேன்."

"போர்டப் பாத்துப் போட வேண்டியதுதான?"

"போர்டு தெரியாது சார்."

அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாராம்.

"எப்போ இருந்து?"

"எட்டாவதுல கொஞ்சம் கொஞ்சம். முன் பெஞ்சுல இருந்தப்போ சமாளிச்சிட்டேன். பின்னால வர வரத்தான் ஒண்ணும் தெரியல."

"ஏங்கிட்ட வந்து முன்னால உக்காருதேன்னு சொல்லக் கூடாதா?"

"மார்க் எடுத்தாத்தான சார் முன்னால வரலாம்."

அதைக் குறையாகக்கூட அவள் சொல்லவில்லையாம். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாளாம். பிறகு அவர் முழிப்பதைப் பார்த்துவிட்டு, இரக்கப்பட்டு, ஒரு யோசனையும் சொல்லியிருக்கிறாள்.

"கண்ணச் சுருக்கிப் பாருங்க சார். கொஞ்சம் தெரியும்."

பெல் அடித்தது. பால்துரை சார் கண்ணாடியைத் திரும்பக் கேட்கவில்லை. நேரே ஸ்டாஃப் ரூமுக்கு வந்து, பீரோவைத் திறந்து, அறிவியல் தாள் கட்டை எடுத்தார். அவருக்கும் கிட்டப்பார்வைதான், கையில் இருப்பது தெரியும். முத்தரசியின் தாளைத் தேடி எடுத்து முகத்தருகே வைத்து வாசித்தார். வாசித்து முடித்து என்னிடம் நீட்டினார்.

அந்த நாலு மார்க் கேள்விக்கு அவள் எழுதியிருந்தது இது:

'கிட்டப்பார்வை உள்ளவருக்குப் பக்கத்தில் இருக்கிறவர் முகம் தெரியும். தூரத்தில் வருகிறவர் யார் என்று நடையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பஸ் நம்பர் தெரியாது. நம் ஊர்க்காரர் யாராவது ஏறினால் பின்னாலேயே ஏறிக்கொள்ள வேண்டும். போர்டில் எழுதியது உப்புப் பூத்த சுவர் மாதிரி இருக்கும். கண்ணைச் சுருக்கினால் கொஞ்சம் தெரியும். ரொம்ப நேரம் சுருக்கினால் தலை வலிக்கும்.'

கீழே சிவப்பில் வட்டமிட்ட சைபர்.

பால்துரை சார் அந்தச் சிவப்பை விரலால் தேய்த்துப் பார்த்தார். அது அழியவில்லை.

"பாடம் நடத்துனது நான்" என்றார். "அவ தன் கண்ணச் சொல்லியிருக்கா. நான் கதைன்னு நினைச்சேன் வே."

அன்றைக்கு ஸ்பெஷல் கிளாஸ் நடக்கவில்லை. பால்துரை சார் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு, சைக்கிளில் உப்பளத்துக்குப் போய் முத்தரசியின் அம்மாவைப் பார்த்தார். சனிக்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குத் தானே கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டு வந்தார். பள்ளியில் கண் பரிசோதனை நடந்த அன்று அவள் லீவு என்பது அப்போதுதான் தெரிந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல், அவள் வீட்டில் இருந்து பார்த்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலையில் 'ஏ' பிரிவில் மார்க் வரிசை இல்லை. இன்றைக்கு முன்னால் இருக்கிறவர் நாளைக்கு ஒரு பெஞ்சு பின்னால், கடைசி பெஞ்சு முன்னால் என்று சொல்லிவிட்டார். முத்தரசி மட்டும் கண்ணாடி வரும்வரை முதல் பெஞ்சிலேயே இருப்பாள். முதல் மார்க் எடுக்கிற பையன் முணுமுணுத்தான். "ஒரு நாள் பின்னால இருந்து பாருல, அப்புறம் பேசு" என்று அவனை உட்கார வைத்தார்.

மத்தியானம் தலைமையாசிரியர் கூப்பிட்டார். நான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போயிருந்தேன், அதனால் கேட்டேன். பால்துரை சார் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து மேசையில் வைத்தார். அதில் பேர் மேல் கோடு போட்டு அடித்திருந்தது. கீழே கையெழுத்து மட்டும் இருந்தது.

"ஒன்பது மார்க் சார்" என்றார் எபநேசர் சார்.

"தெரியும் சார்."

"இன்னும் ரெண்டரை மாசம்தான் இருக்கு."

"தெரியும் சார்."

எபநேசர் சார் கெட்டவர் இல்லை. அவரை நிற்க வைக்க வேறு மண்டபம் உண்டு. தாளைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, மேலே பேப்பர் வெயிட்டை வைத்தார். "உங்க பொறுப்பு சார்" என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்ததும் பால்துரை சார் வேப்பமரத்தடி வரை விறுவிறுவென்று நடந்தார். பின்னாலேயே நானும் போனேன். மைமூன் டீச்சர் சாக்பீஸ் டப்பாவோடு 'பி' பிரிவுக்குப் போய்க்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் நின்றார்.

"பேர் குடுக்கல டீச்சர்."

"அப்படியா சார்."

"ஆனா கை இன்னும் நடுங்குது. பாருங்க." நீட்டிக் காட்டினார்.

மைமூன் டீச்சர் டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டுத் தன் கையையும் நீட்டினார். அதுவும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, வெளியே தெரியாத அளவுக்கு.

"அன்னைக்கு நடுங்கலையே?"

"அன்னைக்கு ரொம்ப நடுங்குச்சு சார். பேனாவைப் பிடிச்சா கை நிக்கும். அதான் எழுதினேன்."

கைப்பைக்குள் தேடி அந்தச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. பால்துரை சார் வாசித்தார், நானும் தோளுக்கு மேலாக எட்டி வாசித்தேன். துவா இல்லை, ராஜினாமா இல்லை, மளிகையும் இல்லை.

'கண்ணாடி வீட்டில். கடைசி வரிசைக்குத் திரை தெரியவில்லை. என் மார்க்கே எனக்குத் தெரியவில்லை. நாளை பி-யில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.'

ஏழு மாதமாக நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டது இதற்குத்தானா என்று எனக்குச் சப்பென்று ஆனது. பால்துரை சார் சீட்டைத் திருப்பித் தரவில்லை. இன்னொரு தடவை வாசித்தார்.

"நானும் அதே மண்டபத்துலதான் நின்னேன்" என்றார். "அங்க எப்படி உக்கார வச்சாங்களோ, அப்படியே வந்து பிள்ளைகள உக்கார வச்சேன்."

பெல் அடித்தது. மைமூன் டீச்சர் என் கையிலிருந்த சாக்பீஸ் டப்பாவை வாங்கிக்கொண்டார்.

"டீச்சர், அந்தப் பிள்ள கண்ணாடி போட்டும் தேறலைன்னா? ஜூன்ல நம்மள மறுபடியும் எழுந்து நிக்கச் சொல்வாங்களே?"

"சொல்லுவாங்க சார்."

"அப்போ என்ன பண்ண?"

"கிளாஸ்ல தினமும் நிக்கிறோம், நிக்கிறது நமக்குப் புதுசா சார்? நாற்காலியில உக்காந்தா கடைசி பெஞ்சு தெரியாது."